நாற்பத்தொரு நிமிடம்

பத்து மணிக்கு அந்தத் திரை நாற்பத்தொரு நிமிடம் என்றது. பத்தேகாலுக்கு எண்பத்தொரு நிமிடம் என்றது.

கால் மணி நேரம் வேலை பார்த்த பிறகு, மீதி வேலை இரண்டு மடங்காகிவிட்டது என்று ஒரு ஆள் வந்து சொன்னால், மறுநாள் அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். ஆனால் இது ஆள் இல்லை. வண்டியின் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பளபளவென்று நிற்கும் கண்ணாடி. அதனால் அது சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். நம்பாதவள் ஒருத்திதான். அவளைத்தான் வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார்கள்.

அவளை எல்லாரும் கடிகாரம் என்று கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக வண்டி ஓட்டுகிறாள். பத்து மணிக்கு வருகிறேன் என்றால், அவள் வண்டி வாசலில் திரும்புவதைப் பார்த்துச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்று சொன்னது மரியாதைக்காக. சொன்ன நேரத்துக்கு வராதவர்களை அவள் ஆளாகவே மதிப்பதில்லை.

வேலை இதுதான். ஒரே முதலாளிக்குச் சொந்தமாகப் பன்னிரண்டு பல் கிளினிக்குகள். காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பதினொரு கிளினிக்குகளைச் சுற்றி, முந்தின நாள் பயன்படுத்திய கருவிகளை நீலப் பெட்டிகளில் வாங்கிக்கொண்டு, பத்து மணிக்கு மையக் கட்டடத்துக்குக் கொண்டுவருவாள். அங்கே அவற்றை ஊறவைத்து, கழுவி, ஆவியில் வேகவைத்து, உறையில் போட்டு ஒட்டுவார்கள். மறுநாள் அவை கிளினிக்குகளுக்குத் திரும்பும். செவ்வாயும் வெள்ளியும் கூடுதலாக ஒரு நடை. பன்னிரண்டாவது கிளினிக் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த இரண்டு நாளும் அங்கே தாடை அறுவை. பன்னிரண்டரைக்கு நோயாளியை நாற்காலியில் சாய்ப்பார்கள். பன்னிரண்டேகாலுக்குள் சுத்தமான கருவிகளோடு அவள் அங்கே நிற்க வேண்டும். ஓட்டம் ஒரு மணி பத்து நிமிடம். பதினொன்றுக்குள் இங்கிருந்து கிளம்பியே தீர வேண்டும்.

டீசல் வண்டி போய் மின்சார வண்டி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. காலைச் சுற்றிலேயே அதன் பாட்டரி பாதிக்கு மேல் காலியாகிவிடும். தொலைவில் இருக்கும் கிளினிக்குக்குப் போய்த் திரும்ப இன்னும் பதினைந்து யூனிட் மின்சாரம் ஏற்றியாக வேண்டும். கட்டடத்தின் பின்பக்கம், பெட்டிகளை இறக்கும் இடத்திலேயே சார்ஜர் இருக்கிறது. செருகியவுடன் வண்டியின் திரை நாற்பத்தொரு நிமிடம் என்று காட்டும். காகிதத்தில் எல்லாம் கச்சிதம். நிஜத்தில், செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மட்டும் பதினொன்று முப்பத்தாறு ஆகிறது. புதன் வியாழனில் அதே வண்டி, அதே செருகி, அதே பதினைந்து யூனிட், சொன்னபடி நாற்பத்தொன்று.

இந்தச் செவ்வாயும் அப்படித்தான். பன்னிரண்டே முக்காலுக்கு அவள் பெட்டியோடு ஓடியபோது அந்தக் கிளினிக்கின் நர்ஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள ஒருத்தர் ஊசி போட்டுக்கிட்டு வாய் மரத்துப்போய் உக்காந்திருக்கார். இன்னும் கொஞ்சம் லேட்டானா மரத்தது தெளிஞ்சிடும். மறுபடி குத்தணும். அதை நீங்களே வந்து அவர்கிட்ட சொல்றீங்களா?"

அவள் பெட்டியை நீட்டினாள். பதினாறு வருடத்தில் அவளை யாரும் வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டதில்லை.

திரும்பி வந்தவுடன் மேலாளர் கூப்பிட்டார். மேலாளருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அஞ்சு நிமிஷம். எதைக் கேட்டாலும் "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்பார். வந்தால் அது அந்த மாதத்து ஆச்சரியம். அப்பேர்ப்பட்டவர் நேரம் தவறுவதைப் பற்றி விசாரிக்க நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு நடையில நாலு தடவை லேட்டு."

"சார், சார்ஜ் ஏறலை. நாப்பத்தொண்ணுனு காட்டிட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல இழுக்குது."

"நாப்பத்தொண்ணுனு யார் சொன்னது?"

"வண்டிதான் சார்."

"அப்போ நாப்பத்தொண்ணுதான். மெஷினுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? அதுக்கென்ன தூக்கம் வருதா, வீட்டுல வேலை இருக்கா? மீதி நேரம் நீங்க எங்க போறீங்கன்னுதான் கேள்வி."

"நான் எங்கயும் போகலை. வண்டியிலயேதான் உக்காந்திருக்கேன்."

"வண்டி வித்த கடைக்காரர்கிட்ட கேட்டேன். முடியறப்போ கொஞ்சம் மெதுவாத்தான் ஏறும், மத்தபடி கணக்கு கச்சிதம்னார்."

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. பாதி உண்மைதான் விற்பவர்களுக்குப் பிடித்தமானது. பாட்டரி நிரம்புவது காலியான பேருந்தில் ஆள் ஏறுவதுபோல. முதலில் ஏறுகிறவர்கள் விறுவிறுவென்று போய் உட்கார்ந்துகொள்வார்கள். கடைசியில் ஏறுகிறவர்கள் ஒவ்வொருவராக இடுக்கில் நுழைய வேண்டும். பாட்டரியிலும் கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏறத்தான் நேரம் பிடிக்கும். ஆனால் இவள் அந்த இடுக்கு வரை போவதே இல்லை. ஐந்தில் நாலு பங்கு நிறைவதற்குள் செருகியைக் கழற்றிவிடுகிறாள். தவிர, செவ்வாயன்று இடுக்கில் நுழையும் மின்சாரம் புதனன்று மட்டும் எப்படி ஓடி ஏறும்? இதை அவள் சொன்னாள். மேலாளர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழியில பொது சார்ஜர் ஒண்ணு இருக்கு சார். அதுக்குப் பணம் கட்டற கார்டைக் குடுத்தீங்கன்னா..."

"நம்மகிட்ட சொந்தமா இருக்கறப்போ அங்க எதுக்குப் போய் நிக்கணும்?" மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். இனி இந்த வழிக்கு வெளி ஆள், அவளுக்கு நன்றி. தேதி வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. "வெள்ளிக்கிழமை பன்னெண்டேகாலுக்கு வண்டி அங்க நின்னா இதைக் கிழிச்சுப் போடறேன். நிக்கலைன்னா கையெழுத்து."

நேரத்துக்கு வரத் தெரியாத ஒருவரிடம், நேரம் சொல்லத் தெரியாத ஒரு கண்ணாடிக்காகத் தன் வேலை போகப்போகிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. துப்ப வேண்டும்போல இருந்தது.

சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் ரசீதுத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் திரை காட்டிய எண்களை ரசீதுகளின் பின்பக்கம் குறித்து வைப்பது அவள் வழக்கம். கணவர் லிஃப்ட் மெக்கானிக். கையைக் கழுவிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"கடிகாரத்துக்கு இப்போ நேரம் சரியில்ல போல."

"சிரிங்க. திங்கக்கிழமையிலேர்ந்து நானும் வீட்டுல உக்காந்து உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருப்பேன். அப்போ சிரிப்பு வருதான்னு பாக்கலாம்."

"எதுக்கு அந்தத் திரைகிட்ட போய் மல்லுக்கு நிக்கற? லிஃப்டுக்குள்ள ஒரு பெட்டி இருக்கும், அஞ்சாம் மாடி, ஆறாம் மாடின்னு காட்டும். பாத்திருக்கல்ல?"

"அதுக்கென்ன?"

"அதுக்கு மாடின்னா என்னன்னே தெரியாது. மோட்டார் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு மட்டும்தான் தெரியும். அதை வெச்சுக்கிட்டு அஞ்சாம் மாடின்னு அடிச்சு விடுது. கயிறு வழுக்கிட்டா நாலரையில நின்னுக்கிட்டே அஞ்சுன்னு சாதிக்கும். உன் திரைக்கு என்ன தெரியும்னு முதல்ல பாரு."

"நீங்க ரிப்பேர் பண்ற லிஃப்டுதான் நாலரையில நிக்கும்" என்றாள் அவள். ஆனால் அவர் சொன்னது காதில் ஒட்டிக்கொண்டது.

புதன்கிழமை பத்து மணிக்குச் செருகியை மாட்டிவிட்டு, முதல் முறையாக அந்தப் பெரிய எண்ணைப் பார்க்காமல் திரையின் மற்ற இடங்களைப் பார்த்தாள். கீழ் மூலையில், எறும்பு ஊர்ந்ததுபோல, சாம்பல் நிறத்தில் இரண்டு சின்ன எண்கள் இருந்தன. ஒன்று பதினைந்து: இன்னும் ஏற வேண்டிய யூனிட். இன்னொன்று இருபத்திரண்டு: இந்த வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் ஏறக்கூடிய யூனிட். ரசீதைத் திருப்பிப் பதினைந்தை இருபத்திரண்டால் வகுத்து, அறுபதால் பெருக்கினாள். நாற்பத்தொன்று வந்தது.

அவ்வளவுதான். அந்தக் கண்ணாடிக்குள் வேறு எந்த ஞானமும் இல்லை. ஒரு நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்கைப் பெரிய எழுத்தில் போட்டு, அதற்கு நிமிடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதைக் குழாயடியில் வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். பதினைந்து குடம் பிடிக்கும் ஒரு தொட்டி. குழாயில் மணிக்கு இருபத்திரண்டு குடம் வருகிறது. எவ்வளவு நேரத்தில் நிறையும் என்று கேட்டால், குழாயைப் பார்த்து நாற்பத்தொரு நிமிடம் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் நடுவில் வீட்டுக்குள் யாரோ இன்னொரு குழாயைத் திறந்துவிட்டால்? இங்கே தண்ணீர் நூலாகிவிடும். அப்போது அதே ஆளைக் கேட்டால் வேறு நேரம் சொல்வார். இரண்டு முறையும் அவர் பொய் சொல்லவில்லை. கண்முன்னால் இருக்கும் தண்ணீரை மட்டும் பார்த்துச் சொன்னார். வீட்டுக்குள் யார், எப்போது, எந்தக் குழாயைத் திறப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. புத்தியுள்ள மனிதராக இருந்தால் "யாரும் நடுவுல திறக்கலைன்னா" என்று ஒரு வார்த்தை சேர்த்திருப்பார். திரைக்கு அந்த நாகரிகம் கிடையாது.

புதன் முழுவதும் இருபத்திரண்டு அசையவே இல்லை. பத்து நாற்பத்தொன்றுக்கு வேலை முடிந்தது. அன்று தொலைதூர நடை இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை அவள் தேநீர்கூடக் குடிக்கப் போகவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து அந்தச் சாம்பல் எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தாள். பத்து இருபது வரை இருபத்திரண்டு. பத்து இருபத்தொன்றுக்கு, கண் இமைக்கும் நேரத்தில், ஏழு ஆனது. பெரிய எண் உடனே எகிறியது. அவள் ரசீதில் குறிப்பதற்குள், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உஸ்ஸென்று ஒரு நீண்ட மூச்சுச் சத்தம் கேட்டது. ஏழு மறுபடி இருபத்திரண்டு ஆனது.

அந்தச் சத்தம் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுவருக்கு அந்தப் பக்கம் கருவிகளை ஆவியில் வேகவைக்கும் அறை. ஆள் உயரத்துக்கு இரண்டு இயந்திரங்கள். முழுப்பெயர் வாயில் நுழையாததால் குக்கர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவற்றை ஆளும் பெண்மணிக்கு ஆவியக்கா என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுப் பயந்து, ஆளைப் பார்த்த பிறகு இன்னும் கொஞ்சம் பயப்படுவார்கள்.

கடிகாரம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"இப்போ எதை நிறுத்தினீங்க?"

ஆவியக்கா திரும்பாமலே சொன்னாள். "ரெண்டாம் குக்கருக்கு வாராவாரம் வியாழக்கிழமை சோதனை. சும்மா சூடேத்திப் பார்த்துட்டு நிறுத்திடுவேன். அதுக்கும் உனக்குக் கணக்கு சொல்லணுமா?"

"முதல் குக்கர்?"

"அது பாட்டுக்கு ஓடுது. தினமும் பத்தேகாலுக்குப் போட்டுடறேனே. நேரம் தவற முடியுமா இந்தக் கட்டடத்துல?"

குத்தல் புரிந்தது. விழுங்கிக்கொண்டாள். "ரெண்டாவதை இன்னொரு தடவை போடுங்க அக்கா. நான் வண்டியில இருக்கேன். போட்டதும் குரல் குடுங்க."

"எனக்கு வேற வேலை இல்லைன்னு நெனச்சியா?"

"என் வேலை போகப்போகுது அக்கா."

ஆவியக்கா இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். குக்கரின் பக்கம் போனாள். கடிகாரம் வண்டிக்கு ஓடினாள்.

"போட்டாச்சு."

ஏழு.

"நிறுத்துங்க."

"நிறுத்தியாச்சு."

இருபத்திரண்டு.

"மறுபடி போடுங்க."

"என்ன விளையாட்டு இது? போட்டாச்சு, போ."

ஏழு.

மூன்று முறை போட்டு, மூன்று முறை நிறுத்தினார்கள். மூன்று முறையும் எண் சொன்ன பேச்சைக் கேட்டது. பிறகு அவள் பழைய ரசீதுகளைப் புரட்டினாள். ஐந்து நடையில் ஒரே ஒரு நாள்தான் நேரத்துக்குப் போயிருந்தாள். அது ஒரு வெள்ளிக்கிழமை. தங்கையின் கண் அறுவைக்காக ஆவியக்கா விடுப்பு எடுத்த நாள். மாற்றாக வந்தவர் இரண்டாம் குக்கரைத் தொடப் பயந்து, சாயங்காலம் வரை முதல் குக்கரிலேயே மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்.

செவ்வாயும் வெள்ளியும்தான் இரண்டு குக்கரும் ஓடுகின்றன. திங்களும் வியாழனும் கிளினிக்குகள் சாயங்காலமும் திறந்திருப்பதால், மறுநாள் காலையில் பெட்டிகள் இரண்டு மடங்கு வரும். கொண்டுவருவது இவள்தான். கொண்டுவந்து, இறக்கி, செருகியை மாட்டிவிட்டு உட்கார்ந்தால், அவள் கொண்டுவந்த பெட்டிகளே சுவருக்கு அந்தப் பக்கம் போய் அவளுடைய மின்சாரத்தைக் குடிக்கின்றன.

ஆனால் ஒரு குக்கர் ஓடும்போது எண் அசைவதில்லையே, இரண்டு ஓடும்போது மட்டும் ஏன்? இதற்குப் பதில் மேலாளரின் அறைக்கு வெளியே, மின் பலகையில் இருந்தது. அவரைப் பிடிக்க வியாழன் மதியம் ஆகிவிட்டது. அஞ்சு நிமிஷத்தில் வருவதாகப் பதினொன்றுக்கே சொல்லியிருந்தார்.

"அதுக்குத்தான் இந்தப் பெட்டி" என்று மின் பலகைக்குள் இருந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியைப் பெருமையாகத் தட்டினார். "சார்ஜரோட சேர்த்து வாங்கிப் போட்டேன். கட்டடத்துக்கு மணிக்கு மொத்தம் அம்பது யூனிட்டுதான் தாங்கும். அதுக்கு மேல போனா மெயின் சுவிட்ச் விழுந்துடும். விழாம இது பார்த்துக்கும். ஸ்மார்ட்டு."

"பார்த்துக்கும்னா எப்படி சார்? யார் வயித்துல அடிச்சுப் பார்த்துக்கும்?"

"அதெல்லாம் டெக்னிக்கல்மா. நமக்கெதுக்கு?"

டெக்னிக்கல் ஒன்றும் இல்லை, கூட்டல்தான். பலகையிலேயே ஒவ்வொன்றுக்கும் எதிரே எண் ஒட்டியிருந்தது. விளக்கு, குளிர்சாதனம், கழுவும் இயந்திரம் எல்லாம் சேர்ந்து பதின்மூன்று. வண்டிக்கு இருபத்திரண்டு. ஒரு குக்கருக்குப் பதினைந்து. மூன்றையும் கூட்டினால் சரியாக ஐம்பது, யாருக்கும் வலிக்காது. இரண்டாம் குக்கரையும் சேர்த்தால் அறுபத்தைந்து. பதினைந்து அதிகம். விளக்கை அணைக்க அந்தப் பெட்டிக்கு அதிகாரமில்லை, குக்கரை நிறுத்தவும் அதிகாரமில்லை. அதன் கைக்கு எட்டுவது வண்டி ஒன்றுதான். இருபத்திரண்டில் பதினைந்தைப் பிடுங்கிவிட்டு ஏழை விட்டுவைக்கும். பிடுங்கியதை யாரிடமும் சொல்லாது. அவ்வளவு ஸ்மார்ட்டு. திரைக்குப் பெட்டி இருப்பது தெரியாது. பெட்டிக்கு அறுவை இருப்பது தெரியாது. இரண்டையும் வாங்கிப் போட்ட மனிதருக்கு எதுவுமே தெரியாது.

"அப்போ தீர்ந்துச்சு சார். செவ்வாய், வெள்ளி மட்டும் ரெண்டாம் குக்கரைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க."

மேலாளர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். அவர் எதையும் இவ்வளவு வேகமாகத் தேடிப் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

"இது யாரோட கையெழுத்து?"

அவளுடையதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால், டீசல் வண்டி இருந்த காலத்தில் எழுதிக் கொடுத்த புகார். 'நான் நேரத்துக்குக் கொண்டுவரும் பெட்டிகளை மதியம் வரை தேங்க விடுவது பொறுப்பற்ற செயல். பெட்டிகள் வந்த கால் மணி நேரத்துக்குள் இரண்டு குக்கர்களும் ஓட வேண்டும். நேரத்தின் அருமை தெரியாதவர்களை இந்த வேலையில் வைத்திருக்கக் கூடாது.'

"நீங்க கேட்டீங்க, நான் ஆர்டர் போட்டேன். அதுக்கு முன்னாடி அந்தம்மா ரெண்டாவதை மதியம்தான் போட்டுக்கிட்டிருந்தாங்க. இப்போ பழையபடி போடணும்னா நீங்களே போய் அவங்ககிட்டப் பேசிக்கங்க. உங்க ரெண்டு பேர் நடுவுல நான் வரமாட்டேன்."

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை எழுதியபோது அவசரம் என்று ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பெட்டிகள் மறுநாள்தான் தேவைப்படும். பத்தேகாலுக்கு வெந்தால் என்ன, ஒரு மணிக்கு வெந்தால் என்ன? தான் நேரத்துக்குக் கொண்டுவந்ததற்கு ஒரு மரியாதை வேண்டும் என்று தோன்றியது. அதற்காக எழுதியது. மூன்று வாரமாகத் திரையைத் திட்டினாள், கடைக்காரரைத் திட்டினாள், மேலாளரை மனதுக்குள் கிழித்துத் தொங்கவிட்டாள். குழாயைத் திறந்துவிட்ட கை அவளுடையது.

ஆவியக்கா கையுறைகளைக் கழற்றி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்ன, மறுபடி போட்டு நிறுத்தணுமா?"

"இல்லக்கா. நாளைக்கு ரெண்டாம் குக்கரை நான் கிளம்பினதுக்கு அப்புறம் போடுங்க."

"முடியாது. ஆர்டர். கால் மணி நேரத்துக்குள்ள ரெண்டும் ஓடணும். சுவத்துல ஒட்டியிருக்கு பாரு."

"அதை எழுதிக் குடுத்தது நான்தான்."

"தெரியும்." ஆவியக்கா முதல் முறையாகச் சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. "நேரத்தோட அருமை தெரியாதவங்கன்னு எழுதியிருந்தியே. நம்ம அஞ்சு நிமிஷம் மேனேஜர் எனக்கு வாசிச்சே காட்டினார், நாலு பேர் முன்னாடி. காஞ்ச ரத்தம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஒரு மணி நேரம் ஊறினா தானா விடும். அதனாலதான் ரத்தம் காஞ்ச பாதிப் பெட்டியை ஊறப்போட்டு மதியம் ஏத்துவேன். நீ கால் மணி நேரம்னு எழுதிட்ட. ஊறாததை மூணு மாசமா பிரஷ்ஷால தேய்ச்சுத் தேய்ச்சு ஏத்தறேன். பாத்துக்க."

கையை நீட்டினாள். விரல் இடுக்குகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

கடிகாரம் அந்த விரல்களைப் பார்த்தாள். நேரம் தவறியவர்களிடம் என்ன பேச வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம். தான் தவறினால் என்ன பேசுவது என்று பழக்கமில்லை.

"தெரியாம எழுதிட்டேன்" என்றாள்.

"தெரியாம இல்ல. கேக்காம."

"சரி. கேக்காம எழுதிட்டேன். கேட்டிருக்கணும்."

ஆவியக்கா கையை இழுத்துக்கொண்டாள். கையுறைகளைத் திருப்பிப் போட்டாள்.

"எழுதினது நீ. மாத்தி எழுதறதும் நீதான். உன் கையெழுத்துல, உன் பேர் போட்டு, அந்தப் பழைய தாள் மேலயே ஒட்டிட்டுப் போ. நான் படிச்சுப் பார்த்துட்டுச் செய்யறேன். எழுத்துப்படிதானே இங்க எல்லாம் நடக்குது."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திரை நாற்பத்தொன்று என்றது. பத்தேகாலுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் முதல் குக்கர் உறுமத் தொடங்கியது. அவள் திரையைப் பார்த்தாள். இருபத்தாறு. மூலையில் இருபத்திரண்டு அப்படியே நின்றது. இரண்டாம் குக்கரின் பெட்டிகள் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. பத்தரைக்குப் பதினொன்று. பத்து நாற்பத்தொன்றுக்குச் செருகியின் பூட்டு தானாகவே விடுபட்டது. அவள் வண்டியைத் திருப்பும்போது கதவருகே நின்ற ஆவியக்கா, வண்டி வாசலைத் தாண்டும் வரை காத்திருந்து, பிறகு உள்ளே போனாள்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அவள் தொலைதூரக் கிளினிக்கின் வாசலில் பெட்டியை இறக்கினாள்.

"என்னங்க இவ்வளவு சீக்கிரம்?" என்றாள் நர்ஸ். "இன்னும் நோயாளியே வரலை."

"அப்போ அவரைக் கேளுங்க, ஏன் லேட்டுன்னு."

மேலாளர் அந்தக் கடிதத்தைக் கிழித்தார். கிழிக்க அவருக்கு மனசு வரவில்லை என்பது மெதுவாகக் கிழித்ததிலேயே தெரிந்தது. கிழித்து முடித்துவிட்டு, "பாத்தீங்களா, ஸ்மார்ட்டு பெட்டி மெல்லப் பழகிக்கிச்சு. நான்தான் சொன்னேனே" என்றார். அவள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். சில பேருக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பது, ஏழு யூனிட்டில் வண்டியை நிரப்புவது மாதிரி. ஏறும், ஆனால் அதற்கு நேரமில்லை.

குக்கர் அறைச் சுவரில், பழைய உத்தரவின் மேலேயே, அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இன்றைக்கும் அதன்படிதான் நடக்கிறது. அதற்குப் பிறகு ஒரு நடைகூடத் தாமதமாகவில்லை.

'செவ்வாய், வெள்ளி: பத்தேகாலுக்கு முதல் குக்கரை மட்டும் போடவும். மீதிப் பெட்டிகள் ஊறட்டும். வண்டி வாசலைத் தாண்டிய பிறகு இரண்டாம் குக்கரைப் போடவும்.'